அலுமினிய பெஞ்சில் ஓர் ஈரோட்டுத் துண்டு

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, நான் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவன், எனக்கு எதற்கு இந்த வேலை என்று சொல்லிப் பார்த்தேன். பிளஸ் டூவுக்கு மேல் நான் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரை, முடிவுரை என்று இரண்டு தலைப்பையும் போட்டுவிட்டு, நடுவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதிலும் தப்பு இருக்கும். ஆனால் ஒருவரைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டை விற்றுவிட்டு அவர்கள் வேறு மாநிலத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இங்கே அமெரிக்காவில், எங்கள் ஊரான பேர்லேண்டில் பழைய ஆட்களாக இருந்தால், துண்டு என்று சொன்னாலே யாரென்று தெரிந்துகொள்வார்கள்.

அரக்குச் சிவப்பில் பச்சைக் கட்டம் போட்ட ஈரோட்டுத் துண்டு அது. துவைத்துத் துவைத்து ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். மற்றவர்கள் காரில் குடை வைத்திருப்பது போல அவர் அதை வைத்திருப்பார். எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னால் போய், நமக்கெல்லாம் சேர்த்து இடம் போட்டுவிடுவார். ஊரில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பெரிய இன்ஜினியர் அவர். அவருக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு தீபாவளி விழாவில். பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். என் மனைவி நர்ஸ், அன்றைக்கு டியூட்டி. நான் மட்டும் போயிருந்தேன். கூட்டத்துக்குப் போனால் பின்சுவரில் சாய்ந்து நிற்பது என் வழக்கம். யாரும் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். முன்வரிசையில் நாலு நாற்காலிகள் மேலே இந்தத் துண்டை நீளமாக விரித்து, ஒருவர் காவல் இருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"தம்பி, இங்க வாங்க. உங்களுக்குத்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

"என்னை உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாதுங்க. ஆனா நின்னுக்கிட்டே இருக்கற ஆளு யாராச்சும் ஒருத்தர் இருப்பாங்கல்ல? அவிகளுக்குன்னு ஒண்ணு சேத்துப் போடறது."

அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

புத்தாண்டு அன்று கோயில் பார்க்கிங்கில் இடமே இருக்காது. அவர் முதலிலேயே போய், காலியாக இருக்கிற இடத்தில் கையில் துண்டோடு நிற்பார். எங்கள் கார் வருகிற வரைக்கும் நகர மாட்டார். மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிப்பார், கும்பிடுவார், நகர மட்டும் மாட்டார். ரஹீம் பாய்க்கு இதைப் பார்த்தால் மானமே போய்விடும். பாய் கீழக்கரைக்காரர், இங்கே இரண்டு பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். அவருக்குக் கோயிலுக்குள் வேலை இல்லை. கோயில் சாப்பாட்டுக்கு நாங்கள் கொண்டுபோகிற சாமான்களை இறக்க வந்து மாட்டிக்கொள்வார்.

"அண்ணே, இது அமெரிக்கா. கார் நிறுத்தற எடத்துல ஆள் நின்னா போலீஸ் வருவான்."

"வரட்டும் பாய். அவனுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுத்தாப் போச்சு."

என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருக்கிற அறையில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் மேல் அந்தத் துண்டு கிடந்தது. அவரைக் காணோம். துண்டைப் போட்டுவிட்டு ஆபீஸ் போயிருந்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அது ஏதோ மருத்துவ விஷயம் என்று நினைத்துத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். ஆறு மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நல்லதை மட்டும் எழுதினால் அது முழுசாக அவராக இருக்காது. அவர் நம்மைக் கேட்க மாட்டார். ஒருதரம் லைப்ரரியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பில் என் பேரை எழுதிவிட்டு வந்து, "செவ்வாய்க்கெழம போங்க தம்பி, எடம் போட்டாச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் இங்கிலீஷ் எப்படி இருந்தால் இவருக்கு என்ன? இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன். போனது நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் அந்த இரண்டு வாரக் கோபமும் நியாயமான கோபம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோல்ஃபுக்கும் அப்படித்தான் என்னை இழுத்துப் போனார். அங்கே நாலு பேராகத்தான் ஆடுவார்கள். மூன்று பேர் போனால், தனியாக வந்த யாரையாவது நாலாவது ஆளாகச் சேர்த்துவிடுவார்கள். "வெளியாள் வந்தா நம்ம பேச்சு போச்சுங்க" என்று அவருக்குப் பயம். அவரும் ரஹீம் பாயும் சுப்புவும் மூன்று பேர். சுப்பு சென்னைக்காரர், சாஃப்ட்வேர். நாலாவது நான். பழைய மட்டைகள் ஒரு பை நிறையக் கொடுத்தார். நான் அடித்தால் பந்து இருந்த இடத்திலேயே இருக்கும், மண் மட்டும் பறக்கும்.

"பரவால்லைங்க தம்பி. பந்து போற எடத்துக்கு நம்ம போறோம். அது போகலீன்னா நமக்கு நடை மிச்சம்."

வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் கொஞ்சம் குறைந்ததும், நாலு பேரும் மூன்றரை மணி நேரம் காரில் போய் ஒரு யுனிவர்சிட்டி ஊரில் இரண்டு ராத்திரி தங்குவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பது குழி கோல்ஃப். சனிக்கிழமை காலேஜ் பசங்கள் ஆடுகிற ஃபுட்பால் மேட்ச். ஞாயிறு காலை முழு ஆட்டம், பதினெட்டுக் குழி. ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிமோதுகிற ஆட்டம். எனக்கு இன்று வரை முழுசாகப் புரியாது. ஒரு லட்சம் பேர் சேர்ந்து எழுந்து நின்றால் நானும் நிற்பேன்.

நான் சொல்ல வந்தது கடைசியாகப் போன பயணத்தைப் பற்றி. அந்த யுனிவர்சிட்டியில்தான் அவருடைய ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள். யுனிவர்சிட்டி பேண்டில் இருந்தாள். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதுவார்களே, பெரிய பித்தளைக் குழாய், அது அவளுடைய வாத்தியம். எட்டு மாதமாக அப்பாவோடு பேச்சில்லை.

காரணத்தை வெள்ளிக்கிழமை கோல்ஃப் வண்டியில் அவரே சொன்னார். அந்தச் சின்ன வண்டியில் இரண்டிரண்டு பேராகப் போவோம். நானும் அவரும் ஒன்றில். அன்றைக்கு மூன்று பந்துகளைத் தண்ணீரில் விட்டிருந்தார். நாலாவது குழிக்குப் போகிற வழியில் மரநிழலில் வண்டியை நிறுத்தினார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், ம்யூசிக் டீச்சர் ஆகறேன்னு போன்ல சொன்னா தம்பி. நான் ஒண்ணும் திட்டலீங்க. சரி கண்ணு, யோசிச்சுச் செய்யின்னுதான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்குண்ணே பேசல?"

அவர் துண்டால் மட்டையைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அடுத்த நாளே காரை எடுத்துட்டு இங்க வந்துட்டேன். அவ டிபார்ட்மென்ட் ஆபீஸ் தெறக்கறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டேன். எம்பொண்ணு எடத்தை வேற யாருக்கும் குடுத்துராதீங்க, மனசு மாறுவா, அப்படியே வச்சிருங்கன்னு கேக்கத்தான். பக்கத்து நாற்காலில துண்டைப் போட்டு வச்சிருந்தேன். அவ படிப்பை மாத்தறதுக்குக் கையெழுத்துப் போட வந்தா. வாசல்லயே துண்டைப் பாத்துட்டா."

"என்ன சொன்னிச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அவகூட அவ ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு இருந்தாங்க. திரும்பிப் போயிட்டா. அன்னையிலருந்து அவங்கம்மாகூட மட்டுந்தான் பேச்சு."

பின்னால் வந்த ஆட்கள் எங்களுக்காக நிற்பதைக் கூட நாங்கள் கவனிக்கவில்லை. அப்புறம் அவரே சொன்னார். நாளைய மேட்சுக்கு நாலு டிக்கெட் இல்லை, ஐந்து எடுத்திருக்கிறார். மேட்ச் நாலு பாகம். இரண்டாவது முடிந்ததும் பேண்டு மைதானத்தில் வாசிக்கும். மூன்றாவது பாகம் முழுக்க பேண்டு பிள்ளைகளுக்கு ஓய்வு, சாப்பிடவோ வீட்டு ஆட்களைப் பார்க்கவோ போகலாம். இந்த வரிசை, இந்த நம்பர், வந்தால் உனக்கு இடம் இருக்கிறது என்று மகளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

"அடுத்த வருஷம் அவ படிப்பு முடிஞ்சு போயிருவா தம்பி. அப்புறம் எந்தப் பக்கமோ."

சனிக்கிழமை கேட் திறக்கிற நேரத்துக்கே எங்களைக் கிளப்பிவிட்டார். மேட்சுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பார்க்கிங்கில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தோம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் விடுவார்கள். வாசலில் நின்ற அம்மா துண்டை வெளியே எடுத்து, விரித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, பெஞ்சுலயே நம்பர் அடிச்சு வச்சிருக்கான்" என்றார் ரஹீம் பாய். "உங்க சீட்டை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான்."

"நம்பர் அவங்க போட்டது பாய். துண்டு நம்ம போடறது."

"சார், செக்யூரிட்டி டெபாசிட் மாதிரி ஃபீல் பண்றார், விடுங்க" என்றார் சுப்பு.

நீளமான அலுமினிய பெஞ்ச். வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அவர் துண்டைப் படிக்கட்டோர இடத்தில் மடித்துப் போட்டார். மகள் வந்தால் யாரையும் தாண்டாமல் உட்காரலாம். அடுத்தது அவர், அடுத்தது நான், பாய், சுப்பு. முதல் இரண்டு பாகமும் அவர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம் பேண்டு உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் பார்த்தார். இடைவேளையில் அவர்கள் இறங்கி வந்து வாசித்தபோது, "வலது பக்கம், மூணாவது" என்று மட்டும் சொன்னார். பித்தளை வெயிலில் மின்னியது. எனக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

வாசித்து முடித்ததும் பாயும் சுப்புவும் லெமனேட் வாங்கப் போனார்கள். மூன்றாவது பாகம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"கேட் மாறிப் போயிருப்பா தம்பி. நான் கீழ போய்ப் பாத்துட்டு வந்தர்றேன். எடம் பத்திரம்."

ஐந்து இடத்துக்கு நான் ஒருத்தன் காவல். இப்படி ஒரு வேலையை யாரும் என்னிடம் கொடுக்கக் கூடாது. எழுபது வயது இருக்கும், ஒரு வெள்ளைக்கார அம்மா படியேறி வந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருடைய இடம் இன்னும் பத்து வரிசை மேலே. ஒரு நிமிஷம் உட்காரலாமா என்று கேட்டார். இந்த இடத்துக்கு ஆள் வருகிறது என்று இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். லைப்ரரியில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் வாயிலிருந்து "யெஸ், யெஸ்" என்றுதான் வந்தது. துண்டு இருந்த இடத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டேன். அந்த அம்மா அதைத் தாண்டி, அண்ணனுடைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனோ மகளோ வருகிறார்களா என்று பார்க்க, நான் துண்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டோரம் போய் நின்றேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கீழே, படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில், பேண்டு உடுப்போடு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நிமிர்ந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தேடுகிறாள், அப்பா இல்லை. பெஞ்சில் துண்டைத் தேடியிருப்பாள், அது என் கையில் சுருட்டிக் கிடந்தது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு லட்சம் பேருக்கு நடுவில் நான் எப்படிச் சத்தம் போடுவேன்? பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் நான் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். எட்டு மாதம் அந்த மனுஷன் பட்டது என் கண்முன்னால் திரும்பிப் போகிறது. என்னை அறியாமல் துண்டை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினேன். கூப்பிட்டேன் என்றும் நினைக்கிறேன். அதே நேரம் பார்த்து மைதானத்தில் ஏதோ நடந்து, எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் எழுந்து கத்தி, கையில் இருந்த வெள்ளைத் துண்டுகளைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அங்கே அது வழக்கம். எங்கே பார்த்தாலும் துண்டு. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஆனால் அத்தனை வெள்ளைக்கு நடுவில் சிவப்பு ஒன்றுதானே. அவள் ஏதோ நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு படியேறி வந்தாள்.

அவள் எப்போதும் போல இங்கிலீஷில்தான் பேசினாள். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

"மாவு அங்கிள்? அப்பா எங்கே?"

"உன்னைத் தேடித்தாம்மா கீழ போயிருக்கார்."

"அவர் அப்படித்தான் செய்வார்" என்றாள். சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. படிக்கட்டோரம் அவளுக்கு வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, என்னிடமிருந்து துண்டை வாங்கி மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். நூல் பிரிந்த ஓரத்தை விரலில் சுற்றினாள். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூட மேடையில் புல்லாங்குழல் மாதிரி ஒன்றை வாசித்தாளாம். அன்றைக்கு முன்வரிசை நாற்காலிகள் மேல் இந்தத் துண்டு. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

"உனக்கு வெக்கமா இருந்துச்சாம்மா?"

"ரொம்ப." பார்வையை மைதானத்துக்குத் திருப்பினாள். "ஆனால் மேடையில் விளக்குப் போட்டால் எதிரே ஒன்றும் தெரியாது. இது மட்டும்தான் தெரியும்."

பாயும் சுப்புவும் லெமனேட்டோடு வந்தார்கள். அவளைப் பார்த்ததும் பாய் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அவள் கையில் ஒரு கப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சுப்புவும் உட்கார்ந்தார். நானும் என் இடத்துக்குப் போனேன்.

கடைசியில் அவர் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. படியில் தலையைக் குனிந்துகொண்டே ஏறியவர், எங்கள் வரிசைக்கு வந்து நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். மகளுக்கு அந்தப் பக்கம் அவர் இடத்தில் அந்த அம்மா. அந்த அம்மா விஷயம் புரிந்து எழுந்திருக்கப் பார்த்தார். இவர் இரண்டு கையையும் காட்டி, "நோ, நோ, யூ சிட்" என்றார். படியிலேயே நின்றார். அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட மைதானத்துக் காவலாள் வந்து, படியில் நிற்கக் கூடாது, உங்கள் சீட்டுக்குப் போங்கள் என்றான். இவர் பாக்கெட்டைத் தடவி டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். காட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் இடம் போட்டவர், அவருக்கு உட்கார இடம் இல்லை. அதைச் செய்தது நான்.

அவள் நகர்ந்தாள். அந்த அம்மா நகர்ந்தார், நான் நகர்ந்தேன், பாயும் சுப்புவும் நகர்ந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாண் இடம் வந்தது. அவள் அதைக் கையால் தட்டினாள்.

"அப்பா, வா."

அன்றைக்கு அவள் தமிழில் பேசியது அது ஒன்றுதான்.

பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி வெளியிலுமாக அவர் உட்கார்ந்தார். "மூணு பேர் சீட்ல நாலு பேரை ஏத்தின டவுன் பஸ் மாதிரியில்ல இருக்கு" என்றார் பாய், யாரையும் பார்க்காமல். அப்பாவும் மகளும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டேன், பொய் சொல்லக் கூடாது.

"அந்தக் கொழா என்ன கண்ணு வெயிட்டு இருக்கும்?"

அவள் ஏதோ சொன்னாள்.

"தோள் வலிக்குமா?"

"கொஞ்சம்" என்று இங்கிலீஷில் சொல்லி, இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். அவர் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிபார்ட்மென்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தொடையில் வைத்திருந்த கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது பாகம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்தாள். துண்டை அவரிடம் நீட்டியவள், என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துக்கொண்டாள். நாலாக மடித்து, உடுப்பின் கழுத்துப் பட்டனைத் திறந்து, இடது தோளுக்கு உள்ளே வைத்துப் பட்டனைப் போட்டாள். குழாய் உட்காருகிற இடம். படியிறங்கிப் போனாள். அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டைக்காரன் மறுபடியும் வந்தான்.

"அண்ணே, நான்தான் அந்த அம்மாவை உக்கார விட்டேன்" என்றேன்.

"வலி இருக்கறவங்க உக்கார வேண்டாமுங்களா தம்பி" என்றார்.

மறுநாள் ஞாயிறு காலை எட்டு மணி கோல்ஃபுக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். அவர் மகளோடு டிபன் சாப்பிடப் போயிருந்தார். நாலாவது இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் என் வண்டியில் ஏறிக்கொண்டார். நன்றாக ஆடினார். மதியம் ஒரு மணிக்கு அண்ணனை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பேர்லேண்டு வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஆர்டருக்கு அரிசி ஊறப்போட்டேன்.